உள்நூலின் நிறம்

மார்ச் 7

தம்பிக்கு,

இனி உன்னோடு போனில் தொழில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நான் ஒரு வாக்கியம் தொடங்குவதற்குள் நீ மூன்று வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறாய். நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். வாராவாரம் நம் லாரி கயிற்று லோடோடு உன் ஆபீஸுக்கு வருகிறதே, அதில் டிரைவர் ஹாரன் அண்ணன் சட்டைப்பையில் என் கடிதமும் வரும். பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு. "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்துட்டு என்னைப் போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்களே"ன்னு சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அந்தப் பெரிய கம்பெனி கேட்பதை நானே ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். வருகிற ஜனவரியிலிருந்து நாம் முறுக்கும் கயிறு முழுக்க அவர்களுக்கு. மேலே அவர்கள் லேபிள். உள்ளே நாம் அடையாளத்துக்கு ஓடவிடும் உள்நூல் இருக்கக் கூடாது. டிசம்பர் முடிவதற்குள் நீயும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் விற்கும் கவலை நமக்குக் கிடையாது, பெயரும் கிடையாது.

"நம்ம பேர் யாருக்குக்கா தெரியும்? யாருக்கும் தெரியாத பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கேட்டாயே, அதற்குத்தான் அன்றைக்கு அப்படிக் கத்தினேன். நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

நேற்று ஒரு அம்மா பட்டறைக்குப் போன் செய்தார். துணிக்கொடி கட்டினால் ஒரே வாரத்தில் தொய்ந்துபோகிறதாம், கயிறு மட்டமா என்று கேட்டார். கயிறு மட்டமில்லை, கட்டுவதற்கு முன் இழுத்து வைக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டு ஒரு நாள் விட்டு, அப்புறம் இந்த முடிச்சுப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். போனை வைத்ததும் ஒரு யோசனை. இதே கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! ஒவ்வொருவருக்கும் வாய் வலிக்கச் சொல்லிவிட்டு மறந்துபோகிறேன். எழுதி வைத்தால் என்ன?

நம் வலைப்பக்கத்தில் நீ போட்டு வைத்திருந்த "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்பதை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் துணிக்கொடி தொய்யாமல் கட்டுவது எப்படி என்று எழுதிப் போட்டிருக்கிறேன். கணக்கு எழுதும் பெண் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். தயவுசெய்து அழித்துத் தொலைக்காதே.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

பார்த்தேன். போட்டோவில் தொங்குவது உன் பழைய போர்வைதானே? கம்பெனியின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் இங்கே விளம்பரக்காரர்களோடு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே கிழிந்த போர்வையைக் காயப்போட்டிருக்கிறாய்.

கோபப்படாமல் கேள். கம்பெனி என்றால் சரக்கு விற்க வேண்டும். பாடம் நடத்தக் கூடாது. முடிச்சுப் போடத் தெரிந்தவன் எந்தக் கயிற்றிலும் போடுவான், நம் கயிற்றில்தான் போடுவான் என்று எழுதியா வைத்திருக்கிறது? நீ சொல்லிக்கொடுத்த முடிச்சைப் படித்துவிட்டு எதிர்க்கடையில் மலிவாக ஒரு கயிறு வாங்கிக் கட்டுவான். உன் பக்கத்தை இதுவரை விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அதில் பாதி நீயாகத்தான் இருக்கும்.

நான் பெரிய சாலைச் சந்திப்பில் விளம்பரப் பலகை வைத்திருக்கிறேன். ஒரு பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்த வழியாகப் போகிற எல்லோரும் பார்க்கிறார்கள்.

இருந்தாலும் அழிக்கவில்லை. டிசம்பர் வரைக்கும் உன் ஆசைக்கு எழுது. ஆர்டர் கூடினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கூடாவிட்டால் நீ கையெழுத்துப் போடுகிறாய். சம்மதமா? வாதம் பண்ணி வாதம் பண்ணி எனக்கு அலுத்துவிட்டது அக்கா. கடை கடையாக ஏறி இறங்குகிறவன் நான்.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

மார்ச்சில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில்: சம்மதம். அந்தப் பலகையை ஹாரன் அண்ணன் போட்டோ பிடித்து வந்து காட்டினார். அந்தப் பெண் பிடித்திருப்பது நாலு புரிக் கயிறுடா. நம் பட்டறையில் என்றைக்கு நாலு புரி முறுக்கியிருக்கிறோம்? நாம் காசு கொடுத்து எவன் கயிற்றுக்கோ விளம்பரம் செய்துகொண்டிருக்கிறோம்.

அது கிடக்கட்டும். எழுத வந்தது வேறு. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

துணிக்கொடிக்கு அப்புறம் வாரம் ஒன்று எழுதினேன். ஊஞ்சல் கயிறு எந்த இடத்தில் முதலில் தேயும், நனைந்த கயிறு ஏன் சுருங்கும், வெயில் படுகிற கயிற்றை எப்படி நம்புவது. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்த மாதிரி எழுதினேன். கீழே கம்பெனிப் பெயரைப் போடக்கூடத் தோன்றாமல் "அக்கா" என்று போட்டுவிட்டேன், உனக்கு எழுதுகிற பழக்கத்தில்.

பதில் வருகிறதடா.

நாடக அரங்கில் திரை இழுக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அரங்கில் திரை மேலே போவதும் இறங்குவதும் நம் கயிற்றில்தானாம். "ஆயிரம் பேர் கைதட்டுறப்ப கயித்தை யாரும் பாக்க மாட்டாங்க. நான் பாப்பேன்" என்கிறார். ஒரு கால்நடை மருத்துவர், கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கு எந்தக் கயிறு வழுக்காது என்று கேட்கிறார். கப்பலின் வெளிப்பக்கம் பலகையில் உட்கார்ந்து வர்ணம் அடிக்கிறவர் ஒருவர், உப்புத் தண்ணீர் பட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர், இழுவைப் போட்டியில் கயிறு பிள்ளைகளின் கையை அறுக்காமல் இருக்க வழி உண்டா என்கிறார்.

இவ்வளவு காலமாக நாம் முறுக்குகிறோம், சுற்றுகிறோம், லாரியில் ஏற்றுகிறோம். வாசல் கேட்டைத் தாண்டியதும் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. கடைக்காரர் வரைக்கும்தான் தெரியும். இன்று காலையில் நீளக் கூடத்தில் போய் நின்றேன். மெஷின் ஓட மூன்று புரியும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதை எத்தனையோ வருடமாகப் பார்த்தவள்தான். இன்றைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த நீளத்தில் ஒரு பகுதி திரையை இழுக்கும், ஒரு பகுதி கன்றை வெளியே கொண்டுவரும் என்று நினைத்தால் கையை வைக்கவே பயமாக இருந்தது. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் வைத்திருக்கிறேன். உயரக் கட்டடங்களில் வெளியே தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற ஒருவர் கேட்டது. "அக்கா, எங்ககிட்ட இருக்கிற உங்க கயிறு எந்த வருசத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லேபிள் எப்பவோ போயிருச்சு."

அதற்குப் பதில் கயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, உனக்கும் எனக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு நிறம் என்று அப்பா புரிக்குள் ஓடவிட்ட உள்நூல். ஏழு நிறம், ஏழு வருடம், திரும்ப முதல் நிறம் வருவதற்குள் பழைய கயிறு குப்பைக்குப் போயிருக்க வேண்டும் என்பது அப்பா கணக்கு. குப்பையில் போட வேண்டியவருக்கு மட்டும் யாரும் அதைச் சொன்னதில்லை.

எந்த நிறம் எந்த வருடம் என்று வலைப்பக்கத்தில் போடலாம் என்றிருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அக்கா


ஜூன் 9

அக்கா,

வேண்டாம். காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேண்டாம்.

பெரிய கடைக்காரரின் குடோனில் என்ன கிடக்கிறது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பழைய வருடத்து மஞ்சள் உள்நூல் கயிறுகள், பச்சை உள்நூல் கயிறுகள், அடியில் தோண்டினால் சிவப்பும் இருக்கும். எல்லாம் புதுச் சரக்கு என்றுதான் விற்கிறார். வெயில் படாமல் இருட்டில் கிடந்த கயிறுதான், அவ்வளவு மோசமும் இல்லை. ஆனால் வாங்க வருகிறவன் கத்தியால் நுனியை வெட்டிப் பார்த்து "இது பழசுய்யா" என்றால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பது? நம் வியாபாரத்தில் பாதி அவர் தலையில் நிற்கிறது.

அப்பா அந்த நூலைப் போட்டது நமக்காக. புகார் வந்தால் எந்த வருடத்துச் சரக்கு என்று நாம் தெரிந்துகொள்வதற்காக. உலகத்துக்கு அறிவிக்க அல்ல. எந்தக் கம்பெனியாவது தன் சரக்கை எப்போது தூக்கி எறிய வேண்டும் என்று தானே எழுதி வைக்குமா? முடிச்சு எழுது, ஊஞ்சல் எழுது, கன்றுக்குட்டி எழுது. மாட்டு டாக்டர் கேட்டதை வலைப்பக்கத்தில் நானும் படித்தேன், நன்றாகத்தான் இருந்தது. இதை மட்டும் எழுதாதே.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சொல்வதில் தப்பே இல்லை. இருந்தாலும் போட்டுவிட்டேன்.

போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அந்தக் கண்ணாடி துடைக்கிறவர் மறுபடி எழுதினார். "அக்கா, திங்கக்கெழம ஒரு பெரிய கட்டடம் இருக்கு. அதுக்குள்ள சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்." இவ்வளவுதான். கெஞ்சவில்லை, பயமுறுத்தவில்லை. திங்கட்கிழமை அவர் தொங்கப் போகிறார். அவர் எதில் தொங்குகிறார் என்று கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதற்கு அப்புறம் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

ஏழு நிறத்தையும் எழுதிவிட்டேன். நுனியை வெட்டிப் புரியைப் பிரித்துப் பார்ப்பது, கயிற்றை விரல்மேல் வளைத்து ஜாண் ஜாணாகத் தடவிப் பார்ப்பது, விறைத்த இடமோ சப்பையான இடமோ தட்டுப்பட்டால் ஆள் தொங்கக் கூடாது என்பது, எல்லாம். இருட்டில் கிடந்த பழைய கயிறு துணி காயப்போடவும் செடி கட்டவும் நன்றாகவே உழைக்கும் என்றும் எழுதியிருக்கிறேன். கடைக்காரர் அதையும் படிப்பார் என்று ஒரு நப்பாசை.

திட்டு. ஆனால் எழுதித் திட்டு.

அக்கா


ஜூன் 28

அக்காவுக்கு,

திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை.

பெரிய கடைக்காரர் லாரியில் ஏற்றி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும். கடை நிறைய ஆட்கள் நிற்க, என்னைப் பார்த்து அவர் சொன்னது இது: "உங்க அக்கா ரொம்ப நல்லவங்க தம்பி. அவங்களே கடை வெச்சு வித்துக்கட்டும்." மற்ற கடைக்காரர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அவர்களும் ஆர்டரை நிறுத்துவார்கள்.

நான் ஒவ்வொரு கடையாக நின்று, டீ வாங்கிக் கொடுத்து, சிரிக்காத இடத்தில் சிரித்துக் கட்டிய வியாபாரம் அது. நீ ஒரே பக்கத்தில் உடைத்துவிட்டாய். யாரோ முகம் தெரியாதவன் திங்கட்கிழமை என்று சொன்னான், நீ உருகிவிட்டாய். இங்கே எல்லாக் கிழமையும் தொங்கிக்கொண்டிருப்பவன் நான்.

பெரிய கம்பெனி காகிதத்தைத் தயார் செய்யச் சொல்லிவிட்டேன். நீ சொன்ன சொல்லை டிசம்பரில் காப்பாற்று. அதுவரை எனக்கு எழுதாதே.

தம்பி


அக்டோபர் 20

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். கிட்டத்தட்ட நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என் வாழ்நாளில் அது பெரிய சாதனை. லாரி திரும்பும்போதெல்லாம் ஹாரன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நீ இளைத்துவிட்டாய் என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. திரும்பி வந்த சுருள்கள் கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தன. உன் உழைப்பின்மேல் கையை வைத்தது நான்தான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நிறத்தை எழுதியதற்குக் கேட்க மாட்டேன்.

இப்போது நான் சொல்வதை நம்புவாயோ மாட்டாயோ. ஜூலையில் ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கைமேல் ஒரு கயிற்று நுனி. வெட்டிப் பிரித்து வைத்திருக்கிறது, நடுவில் பச்சை நூல். கீழே ஒரே வரி: "அக்கா, எங்கிட்ட பச்சை." அடுத்த நாள் இன்னொன்று, மஞ்சள். அப்புறம் நீலம். அப்புறம் நிற்கவே இல்லை.

நான் யாரையும் போட்டோ அனுப்பச் சொல்லவில்லை. அவர்களாகத்தான் அனுப்புகிறார்கள். வர்ணம் காய்ந்த கை, விரல் ஒன்று இல்லாத கை, சுண்ணாம்பில் வெடித்த கை, மோதிரம் இறுகிப்போன கை, குழந்தையின் கையை அடியில் வைத்து எடுத்த ஒரு கை. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், அத்தனை பேரும் கத்தியை எடுத்துத் தங்கள் கயிற்றை வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன நூல் இருந்திருக்கிறது. என்னால் விவரிக்க முடியவில்லை தம்பி. மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு எழுதும் பெண் எல்லாவற்றையும் அச்சிட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டத் தொடங்கினாள். இப்போது சுவர் தெரியவில்லை, கைகள்தான் தெரிகின்றன. மெஷின்காரர் ஒரு நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்து ஒரு போட்டோ முன்னால் நின்றார். "சிவப்பு. அந்த வருசம் இந்த மெசின்ல நான் மட்டுந்தான். இது நான் முறுக்குனதும்மா" என்றார். மனிதர் அதைத் தொட்டுப் பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பழையது என்று தெரிந்தவர்கள் புதுசு கேட்கிறார்கள், நேராக நம்மிடமே. திரும்பி வந்த சுருள்களைத் துணிக்கொடிக்கும் தோட்டத்துக்கும் என்று எழுதி, நிறத்தையும் சொல்லி, விலை குறைத்துப் போட்டேன். பழசு என்று தெரிந்தே வாங்குகிறார்கள். ஆனால் கடைகள் வாங்கிய அளவுக்கு இன்னும் வரவில்லை. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

டிசம்பருக்கென்று சொன்ன சொல் சொன்னதுதான். நீ கேட்டால் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதற்கு முன் ஒரு தடவை வந்து இந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போ.

அக்கா


டிசம்பர் 19

அக்காவுக்கு,

ஹாரன் அண்ணன் கீழே வண்டியில் காத்திருக்கிறார், அவசரத்தில் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

இன்று காலை பெரிய கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். உயரமான கட்டடம், முழுக்கக் கண்ணாடி. காகிதத்தை என் முன்னால் வைத்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது, அப்புறம் உனக்கு அனுப்புவதாகப் பேச்சு. சுவரைப் பார்க்க நான் வரவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. மேனேஜர் பேசிக்கொண்டே இருந்தார். "மக்கள் கயிறை யார் செஞ்சதுன்னு பாக்க மாட்டாங்க சார். லேபிளைத்தான் பாப்பாங்க." நான் பேனாவைத் திறந்தேன்.

அப்போது அவர் தலைக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே, மேலிருந்து இரண்டு கால்கள் இறங்கி வந்தன.

கண்ணாடி துடைக்கிற ஆள். வாளியும் துணியுமாக எங்களுக்கு நேரே வந்து நின்றார். துடைக்கத் தொடங்கவில்லை. பக்கத்தில் தொங்கிய இன்னொரு கயிற்றை எடுத்தார். விரல்மேல் வளைத்தார். ஒரு ஜாண் தடவினார், வளைத்தார், அடுத்த ஜாண். ஒரு இடத்தையும் விடவில்லை. நீ எழுதியபடியே அக்கா, அச்சு அசலாக. கயிற்றின் கீழ்நுனியில் ஒரு நூலை வெளியே இழுத்துக் கட்டி விட்டிருந்தது. ஊதா. இந்த வருட நிறம்.

கயிற்றுக் கம்பெனியின் சொந்தக் கட்டடத்துக்கு வெளியே நம் கயிறு! சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுந்துபோய்க் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேனேஜர் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. வாழ்நாள் முழுக்க இந்தக் கயிற்றை விற்றிருக்கிறேன், அதில் ஒரு மனுஷன் தொங்குவதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. ஒரு கண்ணாடி அளவு தூரம். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார்.

"இதோ வருகிறேன்" என்று கீழே ஓடினேன். நடைபாதையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவரிடம், இது எந்தக் கம்பெனிக் கயிறு என்று தெரியுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியாம? அக்கா கயிறு."

"கம்பெனி பேரு?"

"அதெல்லாம் தெரியாதுங்க. அக்கா கயிறுன்னா எல்லாருக்கும் தெரியும். எந்த டீமை வேணா கேட்டுப் பாருங்க." அப்புறம் மேலே கையைக் காட்டினார். "அங்க தொங்குறது என் மச்சான். ஜூன் மாசம் ஒரு பெரிய கட்டடத்துக்கு ஒத்துக்கிட்டோம். அக்காகிட்ட கேட்டிருந்தேன். ஞாயித்துக்கெழம பதில் போட்டிருந்தாங்க. கயித்தை வெட்டிப் பாத்தா சிவப்பு, அதுவும் ஏழு வருசம் தாண்டின போன சுத்து சிவப்பா இருக்கும் போல. வளைச்சுப் பாத்தேன், நடுவுல விறைச்சுக் கெடந்துச்சு. நானும் அவனும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கிட்டோம். அன்னிக்கே துண்டு துண்டா வெட்டிட்டேன், வேற யாரும் எடுத்துக் கட்டிறக் கூடாதுல்ல."

நான் அக்காவின் தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்தப் பக்கத்தைப் போடாதே என்று காலைப் பிடித்துக் கேட்டவன் நான். அவர் மச்சான் மேலே பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தார்.

நம் பெயர் யாருக்குத் தெரியும் என்று கேட்டேனே. இப்போதும் யாருக்கும் தெரியாதுதான். உன்னைத் தெரிகிறது.

திரும்ப மேலே போய் என் பேனாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காகிதம் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது. கையெழுத்து இல்லை. கடைக்காரர்களிடம் ஜனவரியில் மறுபடி போகிறேன். இந்தத் தடவை நிறத்தைச் சொல்லியே விற்கிறேன். வாங்கினால் வாங்கட்டும். இப்போது இதே லாரியில் ஏறி உன்னிடம் வருகிறேன், கடிதத்தை நானே உன் கையில் கொடுப்பேன். நேரில் பேசினால் மறுபடி சண்டையில் முடியும், அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். சுவரில் எனக்கும் ஒரு கை அளவு இடம் வை.

இன்னொன்று. வருடா வருடம் டிசம்பரில் அடுத்த நிறம் என்ன என்று என் காதில் மட்டும் சொல்வாய். இந்தத் தடவை சொல்லாதே. வலைப்பக்கத்தில் போடு. நானும் எல்லோரோடும் சேர்ந்து படித்துக்கொள்கிறேன்.

தம்பி